கண்ணின் நீரிலும் மூளையின் நீரிலும் நரம்புக்கு என்ன வேலை?

நீங்கள் கேட்டவை மூன்று. மட்டக்களப்பில், கிரானில் இருக்கும் அம்மாவுக்குக் கண் அமுக்கம் என்று சொல்லி, டைமொலோல் துளியைக் காலையிலும் லட்டானோப்ரொஸ்ட் துளியை இரவிலும் விடச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப் பிரித்தது ஏன், கண்ணுக்கு மருந்து எழுதுமுன் முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருக்கிறதா என்று விசாரித்தது ஏன் என்பது முதலாவது. யோசனை கூடினால் நரம்பு வழியாகக் கண்ணில் நீர் கூடும் என்று அயலில் சொல்வது உண்மையா என்பது இரண்டாவது. கண்ணுக்குள் இருக்கும் நீரும் மூளையைச் சுற்றி இருக்கும் நீரும் ஒன்றுதானா, ஒன்று கூடினால் மற்றதும் கூடுமா என்பது மூன்றாவது.

மூன்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது. நரம்பு எந்த நீரையும் பிடித்துத் தள்ளுவதில்லை. நீர் சுரக்கும் வேகம், வடியும் வழியின் அகலம், பக்கத்தில் ஓடும் குருதிக்குழாயின் விட்டம் ஆகிய மூன்றிலும்தான் அது கை வைக்கிறது. மிச்சத்தை அமுக்க வித்தியாசம் பார்த்துக்கொள்ளும். இதில் விசித்திரம் என்னவென்றால், கழுத்தில் உள்ள ஒரே நரம்புமுடிச்சிலிருந்து புறப்படும் இழைகள் கண்ணுக்குள் ஒரு மாதிரியும் மூளைக்குள் அதற்கு நேர்மாறாகவும் வேலை செய்கின்றன.

முதலில் கண்ணின் கணக்கைப் பார்ப்போம். கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையமான கதிராளிக்குப் பின்னால் இருக்கும் பிசிருடல் விழித்திருக்கும் நேரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.4 மைக்ரோலீற்றர் நீரைச் சுரக்கிறது. அது வில்லையைத் தொட்டுக்கொண்டு, கண்மணி வழியாக முன்னறைக்கு வருகிறது. முன்னறையின் கொள்ளளவு 250 மைக்ரோலீற்றர் அளவு. ஆகவே அதில் இருக்கும் நீர் முழுவதும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு தடவை மாறிவிடும். வெளியேற வழிகள் இரண்டு. பெரும்பகுதி கதிராளிக்கும் அதன் முன்னால் கண்ணாடி போல் இருக்கும் வெண்படலத்துக்கும் இடையில் உள்ள கோணத்தில், சல்லடை போன்ற இழையத்தினூடாக ஷ்லெம் கால்வாய்க்குப் போய், கண்ணின் வெள்ளையில் தெரியும் சிறு நாளங்களில் கலக்கிறது. மீதி பிசிருடல் தசையின் இழைகளுக்கிடையே கசிந்து பின்னால் போகிறது. கண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கண்ணீர் வெளியில் சுரந்து வெளியிலேயே ஓடுவது. அழுவதால் கண் அமுக்கம் குறையாது.

மட்டக்களப்பு வாவியை அறிந்தவர்களுக்கு அமுக்கத்தின் கணக்கு இலகுவில் பிடிபடும். மாரியில் வாவியின் மட்டம் ஏறுவது மழை கூடியதால் மட்டுமல்ல. முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தாலும் ஏறும், வெளியே கடல் உயர்ந்திருந்தாலும் ஏறும். கண்ணில் மழை என்பது சுரப்பு, முகத்துவாரம் என்பது கோணத்துச் சல்லடை, கடல் மட்டம் என்பது வெளி நாளங்களின் அமுக்கம். எண்ணாகச் சொன்னால், சுரக்கும் 2.4 மைக்ரோலீற்றரில் பின்வழியே போகும் 0.6ஐக் கழியுங்கள், 1.8 வரும். சல்லடை ஒவ்வொரு மில்லிமீற்றர் இரச அமுக்கத்துக்கும் நிமிடத்துக்கு 0.25 மைக்ரோலீற்றர் விடும் என்று வைத்தால், 1.8ஐ 0.25ஆல் பிரிக்க 7.2. அதோடு நாள அமுக்கம் 9ஐச் சேர்த்தால் 16.2. சாதாரணமாக 10க்கும் 21க்கும் இடையில் இருக்க வேண்டிய கண் அமுக்கம் இப்படித்தான் உண்டாகிறது. பார்வை நரம்பு தேயும் நோயான குளோக்கோமாவில் பெரும்பாலும் சுரப்பு கூடுவதில்லை, சல்லடைதான் அடைபடுகிறது. ஆனாலும் மருந்துகளில் பல சுரப்பைக் குறைப்பவை. அடைப்பை எடுப்பதைவிட அது சுலபம் என்பதே காரணம்.

நரம்பு இங்கேதான் வருகிறது. ஓடவும் பயப்படவும் உடலைத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்பு முண்ணாணின் கழுத்தடியில் புறப்பட்டு, நுரையீரலின் உச்சியைத் தாண்டி, கழுத்தின் மேல் நரம்புமுடிச்சில் இழை மாறி, கழுத்து நாடியைச் சுற்றிக்கொண்டு தலைக்குள் ஏறுகிறது. பிசிருடலின் கலங்களில் பீற்றா-2 என்ற வாங்கிகள் (இரசாயனச் சைகையைப் பிடிக்கும் இடங்கள்) இருக்கின்றன. நரம்பு விடும் நோர்அதிரினலினும் குருதியில் வரும் அதிரினலினும் அவற்றில் பொருந்தினால் சுரப்பு ஓங்கும். டைமொலோல் அந்த வாங்கிகளை அடைத்து வைக்கிறது, சுரப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பிரிமோனிடின் என்ற துளி அல்பா-2 என்ற வேறொரு வாங்கியைத் தூண்டுகிறது. விளைவு அதே குறைப்புத்தான்.

இதே பீற்றா-2 வாங்கிதான் மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருப்பதும். முட்டுக்காரர் இழுக்கும் சல்புற்றமோல் பம்ப் அதைத் தூண்டுகிறது, டைமொலோல் அதை அடைக்கிறது. கண்ணில் விடுவதுதானே என்று எண்ண வேண்டாம். ஒரு துளி 30 முதல் 50 மைக்ரோலீற்றர் இருக்கும். இமைக்குள் தங்கக்கூடியது அதிகம் போனால் 30. மிச்சம் கன்னத்தில் வழியும், அல்லது கண்ணின் மூக்கோர ஓட்டையால் மூக்குக்குள் இறங்கும். மூக்கின் தோல் அதை நேரே குருதிக்குக் கொடுத்துவிடும். குளிசையாக விழுங்கினால் ஈரல் ஒரு பகுதியை அழித்திருக்கும், இந்த வழியில் ஈரல் குறுக்கே வருவதில்லை. அதனால்தான் முட்டு, மிக மெதுவான நாடித்துடிப்பு, இதய மின்கடத்தல் தடை உள்ளவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுப்பதில்லை. இன்சுலின் போடும் நீரிழிவுக்காரருக்குச் சீனி இறங்கும்போது வரும் படபடப்பையும் இது மறைக்கும்.

ஆகவே துளி விடும் முறை முக்கியம். கையைக் கழுவி, கீழிமையை இழுத்து, போத்தல் நுனி கண்ணில் படாமல் ஒரே ஒரு துளி. இரண்டாவது துளி முதல் துளியைக் கழுவிக்கொண்டுதான் போகும். கண்ணை மெல்ல மூடி (இமைத்துக்கொண்டிருக்கக் கூடாது), மூக்கோர மூலையை விரலால் 2 நிமிடமாவது அமர்த்திப் பிடிக்க வேண்டும். அடுத்த வகை மருந்துக்கு 5 நிமிடம் பொறுக்க வேண்டும். இந்த அமர்த்தல் ஒன்றே குருதிக்குள் போகும் அளவை நன்றாகக் குறைக்கும், கண்ணுக்குள் போகும் அளவையும் கூட்டும். பலர் இதைச் செய்வதில்லை. கிளினிக்கில் நெரிசல் என்றால் சொல்லிக் கொடுக்கவும் ஆளிருப்பதில்லை.

இனிக் காலை, இரவு என்று பிரித்ததற்கு வருவோம். நித்திரையில் சுரப்பு பகலின் பாதியாக, நிமிடத்துக்கு 1.2 மைக்ரோலீற்றர் அளவுக்கு விழுகிறது. பரிவு நரம்பின் தூண்டல் அடங்கிய அந்த நேரத்தில் டைமொலோல் அடைப்பதற்கு எதுவும் இல்லை. தூங்கும்போது அளந்து பார்த்தால் மருந்து விட்டதற்கும் விடாததற்கும் சுரப்பில் வித்தியாசம் காண்பது அரிது. ஆகவே ஒரு வேளை மட்டும் விடுவதென்றால் காலைதான் பொருத்தம். லட்டானோப்ரொஸ்ட் நரம்பு வாங்கியில் வேலை செய்வதில்லை. அது பிசிருடல் தசையின் இடைவெளிகளை அகட்டிப் பின்வழியைப் பெருக்குகிறது, இரவும் பகலும் வேலை செய்கிறது. விட்டு 8 முதல் 12 மணித்தியாலத்தில் அதன் உச்சம். இரவு 9 மணிக்கு விட்டால் விடியற்காலை அமுக்கத்தை அது சந்திக்கும். திறக்காத போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகையில் வைக்க வேண்டும். திறந்த பிறகு வெளியில் வைக்கலாம் என்று போட்டிருப்பது 25 பாகைக்கு உட்பட்ட இடத்துக்கு. எங்கள் ஊர் வெயிலுக்கு அதையும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவது நல்லது. ஒரு மாதத்துக்கு மேல் பாவிக்க வேண்டாம்.

சுரப்பு இரவில் பாதியாகிறது என்றால் அமுக்கமும் இரவில் குறைய வேண்டுமே? குறைவதில்லை. படுத்தவுடன் தலையிலிருந்து இறங்கும் நாளங்களின் அமுக்கம் ஏறுகிறது, அதாவது மேலே சொன்ன கணக்கில் 9 என்று போட்ட எண் பெரிதாகிறது. நித்திரையில் வடிகாலும் சற்று மந்தமாகிறது. பலருக்கு நாளின் உச்ச அமுக்கம் விடியற்காலையில், படுக்கையில்தான் வருகிறது. கிளினிக்கில் காலை 9 மணிக்கு இருத்தி வைத்து அளந்தால் அந்த உச்சம் அகப்படாது. அளவு நன்றாக இருந்தும் பார்வை நரம்பு தேய்ந்துகொண்டே போகிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த இரவைத்தான். குப்புறப் படுத்து முகத்தைத் தலையணையில் அழுத்துவதை விடுவது நல்லது. கழுத்து மடியாமல் படுக்கையின் தலைமாட்டை உயர்த்தினாலும் சிலருக்கு அமுக்கம் சற்று இறங்கும்.

இந்த இரவுக் குறைவை முழுக்க நரம்பின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. ஒரு பக்கப் பரிவு நரம்பு சேதமாகி இமை தொங்கிக் கண்மணி சிறுத்தவர்களிலும் அந்தப் பக்கக் கண்ணின் சுரப்பு இரவில் குறையத்தான் செய்கிறது.

உடலை ஓய்வுக்குத் திருப்பும் பராபரிவு நரம்பு பரிவு நரம்புக்கு எதிர்க்கரை. நடுமூளையில் தொடங்கி, மூன்றாம் மண்டை நரம்போடு வந்து, கண்ணுக்குப் பின்னால் உள்ள சிறு முடிச்சில் மாறி, அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தை விட்டு இரண்டு தசைகளைச் சுருக்குகிறது. ஒன்று கண்மணியைச் சிறுக்க வைக்கும் தசை, மற்றது பிசிருடல் தசை. பிசிருடல் தசை சுருங்கும்போது கோணத்துச் சல்லடை இழுபட்டு அகல்கிறது. பைலோகார்ப்பின் துளி செய்வது இதைத்தான். புருவத்தடி நோவும், இருட்டில் மங்கலும் அதன் விலை.

இந்த நரம்பை அடைத்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். சிலருக்குப் பிறப்பிலேயே கண்ணின் முன்னறை ஆழம் குறைவு. வயதோடு வில்லை தடிக்கும்போது கோணம் இன்னும் ஒடுங்கும். கண்மணி பாதி விரிந்த நிலையில் நின்றால் கதிராளி வில்லையோடு ஒட்டி, பின்னால் தேங்கும் நீர் கதிராளியை முன்னே தள்ளி, கோணம் முழுவதாக அடைபடும். அமுக்கம் சில மணித்தியாலத்தில் 50, 60 என்று ஏறும். மங்கல் வெளிச்சம் இதைத் தொடக்கலாம், அசற்றைல்கோலினைத் தடுக்கும் மருந்துகளும் தொடக்கலாம். நித்திரைக்கும் நரம்பு நோவுக்கும் கொடுக்கும் அமிற்றிரிப்டிலின், தடிமனுக்குக் கொடுக்கும் பழைய வகைக் குளிசைகள், முட்டுக்கு முகமூடியில் பிடிக்கும் இப்ரற்றோப்பியம் புகை ஆகியவை அவற்றுள் அடங்கும். முகமூடி சரியாகப் பொருந்தாமல் புகை கண்ணுக்குப் போனால் கண்மணி விரியும், கூடவே போகும் சல்புற்றமோல் சுரப்பையும் கூட்டும். வேலியோரத்து ஊமத்தையின் சாறு பட்ட கையால் கண்ணைக் கசக்கினாலும் கண்மணி விரிந்துவிடும். வயலில் அடிக்கும் ஓகனோபொஸ்பேற்றுப் பூச்சிநாசினிகள் இதற்கு மறுபுறம். அவை அசற்றைல்கோலினை அழியவிடாமல் தடுப்பதால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். நஞ்சுண்டவர் ஒருவருக்கு வைத்தியர் முதலில் கண்மணியைப் பார்ப்பது அதனால்தான்.

கோணம் திடீரென்று அடைபட்டால் கண்ணில் கடும் நோவு, அதே பக்கத் தலையிடி, சத்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், சிவந்த கண், பாதி விரிந்து அசையாத கண்மணி என்று வரும். சத்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்றும், தலையிடியைப் பார்த்து ஒற்றைத் தலைவலி என்றும் நினைத்துப் பெனடோல் போட்டுப் படுத்துவிடுவார்கள். விடிய வரை பொறுத்தால் பார்வை திரும்பாமல் போகலாம். உடனே கண் பிரிவுள்ள வைத்தியசாலைக்கு, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமென்றால் 1990 அம்புலன்ஸை அழைத்தாவது, போக வேண்டும். அங்கே அசற்றாசோலமைட்டும் டைமொலோலும் கொடுத்து அமுக்கத்தை இறக்கிய பிறகே பைலோகார்ப்பின் விடுவார்கள். மிகை அமுக்கத்தில் கண்மணித் தசைக்குக் குருதி போகாது, அந்த நேரத்தில் அந்த மருந்து எடுபடாது. பின்னர் லேசரால் கதிராளியில் ஒரு சிறு துளை. மற்றக் கண்ணும் பெரும்பாலும் அதே அமைப்பாகவே இருக்கும், அதற்கும் போட வேண்டும்.

யோசனை விஷயம் சுருக்கமானது. கவலை, கோபம், பரபரப்பு எல்லாம் பரிவு நரம்பைத் தூண்டும்தான், ஆனால் அதனால் ஏறும் கண் அமுக்கம் சிறிது, தணிந்ததும் இறங்கும். குளோக்கோமா அதனால் வருவதில்லை. மூச்சைப் பிடித்து முக்குவது அதைவிடப் பெரிய விஷயம். நெல் மூடை தூக்குவது, மலச்சிக்கலில் முக்குவது எல்லாம் நெஞ்சின் அமுக்கத்தை நாளங்கள் வழியே கண்ணுக்கு அனுப்பும். ஓபோ, டிரம்பெட் போன்ற இறுக்கமான ஊதுகருவிகளை வாசிப்பவர்களில் வாசிக்கும் வேளையில் அமுக்கம் ஏறுவதை அளந்திருக்கிறார்கள். நாதஸ்வரமும் ஓபோவைப் போல இரட்டை நாக்குக் கருவிதான். சிரசாசனத்தில் கண் அமுக்கம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். குளோக்கோமா உள்ளவர் அதை விட்டுவிட வேண்டியதுதான். உண்மையில் யோசனையைவிட நான் பயப்படுவது கடையில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விடும் ஸ்டீரொயிட் கண் துளிக்கு. அது நரம்பு விஷயமல்ல, சல்லடையையே மெல்ல அடைக்கும்.

இனி மூளை. பள்ளியில் மூளைய முண்ணாண் பாய்பொருள் என்று படித்தது இது. கண்ணின் நீர் அல்ல, ஆனால் உறவுக்காரர். மூளையின் அறைகளில் உள்ள கொரொயிட் பின்னல் இதில் பெரும்பகுதியைச் சுரக்கிறது. சோடியத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஏற்றி நீரை அதன் பின்னால் இழுக்கும் அதே முறை, காபோனிக் அன்ஹைட்ரேசு என்ற அதே நொதியம். மொத்தக் கொள்ளளவு 150 மில்லிலீற்றர் அளவு, ஒரு நாளில் சுரப்பது 500 மில்லிலீற்றர். ஆகவே நாளுக்கு மூன்று நான்கு தடவை மாறுகிறது. அசற்றாசோலமைட் அந்த நொதியத்தைத் தடுப்பதால் கண்ணிலும் மூளையிலும் ஒரே நேரத்தில் சுரப்பைக் குறைக்கிறது. விரல்கள் கூசுவதும் சோடா குடித்தால் உப்புச்சப்பில்லாமல் இருப்பதும் அந்தக் குளிசையின் வழமையான பக்கவிளைவுகள். சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள் அதை முன்னரே சொல்லிவிட வேண்டும்.

நேர்மாறு என்றது இங்கேதான். அதே கழுத்து முடிச்சிலிருந்து வரும் பரிவு நரம்பு கொரொயிட் பின்னலுக்கும் போகிறது. 1978இல் வெளியான முயல் ஆய்வில் அந்த முடிச்சை வெட்டி எடுத்தபோது மூளை நீரின் சுரப்பு ஏறத்தாழ 30 வீதம் கூடியது, தூண்டியபோது அதே அளவு குறைந்தது. கண்ணில் முடுக்கியாக இருப்பது மூளையில் தடுப்பாக இருக்கிறது. 1992இல் சிறு தொகை மனிதர்களில் எம்ஆர்ஐ மூலம் அளந்தபோது மூளை நீரின் சுரப்பு மாலை 6 மணியளவில் மிகக் குறைவாகவும் பின்னிரவு 2 மணியளவில் மிகக் கூடுதலாகவும் இருந்தது. கண் ஓய்வெடுக்கும் நேரத்தில் மூளை நீர் பெருகுகிறது.

சுரந்த நீரை அசைப்பது நாடித்துடிப்பும் மூச்சும் நாடிச் சுவரின் மெதுவான சுருக்க விரிவும். ஆழமாக மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் அமுக்கம் இறங்கி நாளக் குருதி கீழே வர, மூளை நீர் தலைக்குள் ஏறுவதை 2015இல் எம்ஆர்ஐயில் கண்டார்கள். நரம்பின் பங்கு நாடிச் சுவரில் இருக்கிறது. மூளைத்தண்டில் லோக்கஸ் சேருலியஸ் என்ற சின்னஞ்சிறு நரம்புக்கலத் திரள் ஒன்று மூளை முழுவதற்கும் நோர்அதிரினலினைத் தெளிக்கிறது. 2013இல் எலிகளில் கண்டது, நித்திரையில் அது குறையும்போது கலங்களுக்கிடையிலான வெளி அகன்று நீர் உள்ளே ஊடுருவுகிறது என்பது. 2019இல் மனிதர்களில், ஆழ்ந்த நித்திரையின் மெதுவான மின்னலைகளோடு குருதி குறைய, அந்த இடத்துக்கு மூளை நீர் அலையாக வருவதைப் படம் பிடித்தார்கள். 2025இல் எலிகளில், நோர்அதிரினலின் ஏறத்தாழ 50 செக்கனுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதும், அதோடு நாடிகள் சுருங்கி விரிந்து நீரை இழுப்பதும் தெரியவந்தது. சொல்பிடெம் என்ற நித்திரைக் குளிசை அந்த அலையைத் தணித்தது. இதை வைத்து ‘நித்திரை மூளையைக் கழுவுகிறது’ என்று எழுதுபவர்கள் பலர். 2024இல் வேறொரு குழு எலிகளில் அளந்தபோது நித்திரையில் கழிவு வெளியேற்றம் குறைவாகவே இருந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. இதை நம்பி விலை கூடிய சத்துமாத்திரை வாங்க வேண்டாம்.

இரண்டு நீரும் சந்திக்காத ஒரு எல்லை இருக்கிறது. பார்வை நரம்பு மூளையின் நீட்சி. அதன் உறைக்குள் மூளை நீர் கண்ணின் பின்சுவர் வரை வருகிறது. அங்கே துளைகள் நிறைந்த மெல்லிய தட்டு ஒன்று நிற்கிறது. முன்பக்கம் கண்ணின் 15 மில்லிமீற்றர் அளவு அமுக்கம், பின்பக்கம் படுத்திருக்கும்போது மூளை நீரின் 10 அளவு. கண்பக்கம் ஏறினால் தட்டு பின்னே குழிந்து நரம்பிழைகள் நசிபடும். அது குளோக்கோமா. மூளைப்பக்கம் ஏறினால் நரம்பின் தலை கண்ணுக்குள் வீங்கும். 2008இல் முள்ளந்தண்டு நீர் எடுத்த பழைய பதிவுகளைப் பார்த்தபோது குளோக்கோமாக்காரரின் மூளை நீர் அமுக்கம் மற்றவரைவிடக் குறைவாக இருந்தது. கண் அமுக்கம் சாதாரணமாக இருந்தும் ஏன் சிலருக்கு நரம்பு தேய்கிறது என்பதற்கு இது ஒரு விளக்கம். ஆகவே உங்கள் மூன்றாம் கேள்விக்கு: ஒன்று கூடினால் மற்றதும் கூட வேண்டுமென்றில்லை. பார்வை நரம்பைத் தாக்குவது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்.

மூளை நீரின் அமுக்கம் கூடியதைக் காட்டும் குறிகள் வேறு. படுத்தாலும் இருமினாலும் கூடும், விடியலில் எழுப்பும் தலையிடி, குனிந்து எழும்போது சில செக்கன் இருளும் பார்வை, காதில் நாடியோடு சேர்ந்து வரும் இரைச்சல். எடை கூடிய இளம் பெண்களில் இது தனியாகவே வரும். விழியின் பின்புறத்தை விளக்கு வைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். தலையில் அடிபட்டவர் ஒருவருக்கு மயக்கம் கூட, பிரஷர் ஏற, நாடித்துடிப்பு மட்டும் குறைந்துகொண்டே போனால் மூளை நசிபடுகிறது என்று பொருள். பிரஷர் ஏறுவது மூளைக்குக் குருதியை எப்படியாவது தள்ள நரம்பு எடுக்கும் கடைசி முயற்சி, அதைக் குளிசையால் இறக்கக் கூடாது.

அம்மாவை அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிப்போகும்போது கோணத்தை வில்லை வைத்துப் பார்த்தார்களா, அது திறந்ததா ஒடுங்கியதா என்று கேளுங்கள். அமிற்றிரிப்டிலினும் தடிமன் குளிசையும் அவருக்குத் தீங்கா இல்லையா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது. கோணம் திறந்ததென்றால் பெரும்பாலும் தடையில்லை. துளி விட்ட நாளிலிருந்து இழுப்பு, களைப்பு, தலைசுற்று இருந்தால் டைமொலோலை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், வேறு மருந்து இருக்கிறது. போத்தல்களையும், மற்ற எல்லாக் குளிசைகளையும், பம்பையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்புக் கூட. உங்களுக்கு 40 தாண்டியிருந்தால் அன்றைக்கே உங்கள் கண் அமுக்கத்தையும் பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.